ஈரல் இல்லாத பங்கு

வேட்டை உரிமம் கிடைத்த கையோடு என்னைத் தேடி வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "அண்ணை, மானுக்கு எங்கை சுடோணும்?" கேட்டுவிட்டு, ஏதோ பரம ரகசியம் வரப்போகிறது என்பதுபோல முகத்தைப் பார்க்கிறீர்கள். பதில் ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குக்கூடக் காணாது. மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் சுடவேண்டும். நுரையீரலும் இதயமும் அங்கேதான் இருக்கின்றன. இடம் பெரியது, உங்கள் கை கொஞ்சம் நடுங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். மான் சிறிது தூரம் ஓடி விழும், என்ன நடந்தது என்று அதற்கு விளங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் இதைப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் அதைச் சரியாகச் சொல்லித்தான் சித்தியடைந்தீர்கள்.

எனக்குள்ள சங்கடம் வேறு. இத்தனை வருடத்தில் என்னைக் கூப்பிட்ட ஒவ்வொருவரும் அந்த இடத்தில்தான் சுட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் சுட்டிருந்தால் என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று நானும் நாகரிகம் கருதிக் கேட்டதில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். யாராவது சுட்டு, மான் விழாமல் ஓடிவிட்டால், நீளக் கயிறு கட்டிய நாயோடு நான் போவேன். இரத்தத்தின் மணத்தை நாய் பிடிக்கும், நான் நாயைப் பிடிப்பேன். காயம்பட்டதைக் கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்துவைப்போம். இந்த நாட்டில் இதற்கென்று பழக்கிய நாய்களும் அனுமதி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஒரு போத்தல் வைன் மட்டும் தவறாமல் தருவார்கள், குடிக்காதவனுக்கும் தருவார்கள். சோற்றுக்கு, பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரனாக இருந்தேன். வாரநாளில் வெங்காயம், வாரக்கடைசியில் நாய். மார்க்ஸ் டோர்மோயில் மூன்றாம் மாடிச் சின்ன வீட்டில் அப்படியொரு வேட்டைநாயை வளர்த்ததற்காக என் மனைவிக்குத்தான் யாராவது பதக்கம் கொடுக்கவேண்டும். போன வருடம் முழங்கால்கள் ஓய்வு கேட்டன. நானும் அவற்றோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

தொழிலை எனக்குக் காட்டித்தந்தவர் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பிரெஞ்சுப் பெண். மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தவர். பெயர் சொன்னால் கோபிப்பார், ஆகவே சொல்லவில்லை. மழைநாளொன்றில் நனைந்த நாயோடு எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வந்தார். முன்கதவால் நாய்க்கு அனுமதி இல்லை என்று முதலாளி சொல்ல, நான் பின்கதவால் அதைக் குசினிக்குள் எடுத்து ஒரு எலும்பு போட்டேன். நாய் என்னை விட்டுப் போக மறுத்தது. அடுத்த ஞாயிறு அவருடைய வண்டியில் நான் காட்டில் நின்றேன்.

அவர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வேட்டைக் கழகத் தலைவர் ஒருவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய துவக்கு, தன் மான் தோளில்தான் அடிபட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். இவர் குனிந்து, மான் நின்ற இடத்தில் சிதறிக் கிடந்த பச்சைக் குழம்பைக் கொஞ்சம் எடுத்தார். அது பாதி செரித்த புல். தலைவரின் உள்ளங்கையில் அதை வைத்து, "அப்படியானால் உங்கள் மான் தோளால் சாப்பிடுகிறது" என்றார். பிறகு வண்டியில் வரும்போது எனக்குச் சொன்னார், சுட்டவனிடம் எங்கே குறிவைத்தாய் என்று ஒருநாளும் கேட்காதே, எங்கே நின்றாய் என்று கேள். குறியைப் பற்றிக் கேட்டால் அவனுடைய கௌரவம் பதில் சொல்லும். நின்ற இடத்தைக் கேட்டால் கால் தானாகவே அங்கே போகும்.

இதை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். என் மனத்தில் ஆழமாகக் கிடப்பது நம்முடைய ஆள் ஒருவனிடம் பயன்படுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். அகதிக் காகிதம் கிடைத்து, கடை போட்டு, பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கியதும், வரிசையில் நின்று துவக்குக்கு உரிமம் எடுத்தோம். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அப்படி எடுத்தவர்களில் நேசனும் ஒருவன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான், நீங்கள் எல்லோரும் முருங்கைக்காய் வாங்குகிற கடைதான். அளந்து பேசுகிறவன், நல்ல குறி. பயிற்சித் திடலில் அட்டையைச் சுட்டால் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும். அட்டைக்கு மாமியார் இல்லை என்பது ஒரு வசதி.

இங்கே பிறந்த உங்களுக்குப் பங்கு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஊரில் தீபாவளி போன்ற நாட்களில் சில வீட்டுக்காரர் சேர்ந்து ஓர் ஆடு அடிப்பார்கள். இறைச்சியைக் கூறு கூறாகப் பிரிப்பார்கள். யாருக்கும் தனியாகத் தொடை கிடையாது, யாருக்கும் தனியாக எலும்பும் கிடையாது. தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், குடலில் கொஞ்சம், ஈரலில் கொஞ்சம் என்று எல்லாம் எல்லோருக்கும் போகும். சமத்துவம் என்ற சொல்லைப் பிரான்சில் நகரசபை வாசலில் எழுதிவைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை ஈரலில் வெட்டிக் காட்டினோம்.

நேசன் முதல் மான் சுட்ட வருடம் அந்த வழக்கத்தை லா சப்பலுக்குக் கொண்டுவந்தான். இங்கத்தைய பெரிய சாதி மான், நம்முடைய மரையைப்போல. தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் சும்மா பங்கு கொடுத்தான். குண்டு நெஞ்சில்தான் பட்டிருந்தது, கொஞ்சம் பின்தள்ளிப் பட்டிருந்தது. மான் உடனே விழுந்துவிட்டது, ஆனால் ஈரல் சிதறிப்போயிற்று. பங்குகள் ஈரல் இல்லாமல் போயின. லெ பிளாங்-மெனிலில் இருக்கும் அவனுடைய மாமி, மனைவியின் தாய், பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஈரல் இல்லாத பங்கு என்ன பங்கு" என்று ஒரு வசனம் சொன்னா. சொல்லிவிட்டுக் குழம்பையும் வைத்துச் சாப்பிட்டா. ஆனால் அந்த வசனம் ஒரு வருடம் முழுவதும் புறநகர் ரயிலில் லெ பிளாங்-மெனிலுக்கும் லா சப்பலுக்கும் இடையே போய்வந்தது. கல்யாண வீட்டில் கேட்டது, பிறந்தநாள் விழாவில் கேட்டது, கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்க்கிற பெண்கள் வாயிலும் கேட்டது.

அடுத்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. இதில் இன்னொரு நெருக்கடி இருக்கிறது, பிரெஞ்சு வேட்டைக்காரர்களுக்கு இது விளங்காது. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். பாதிப்பேருக்கு அதற்குப் பிறகு மச்சம் மாமிசம் கிடையாது. சனிக்கிழமை மான் விழவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பங்கு போகவேண்டும், திங்கட்கிழமை குழம்பு கொதிக்கவேண்டும். நேசன் வேட்டைக்குப் புறப்படுவதற்கு முன்பே எல்லா வீட்டுக்கும் பங்கு சொல்லிவிட்டான். மான் மட்டும்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் அவனுடைய கடையில்தான் நின்றேன். கருவேப்பிலை வாங்கப் போனவன். நேசனின் மனைவி ரஜனி கல்லாவில் இருந்தாள். கடைக்குள் தீபாவளிச் சனம், காலை வைக்க இடமில்லை. என் கைப்பேசி அடித்தது. நேசன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

கடையில் நிற்கிறேன் என்றேன்.  அவன், சத்தமாகக் கதைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மான் விழுந்து எழும்பி ஓடிவிட்டது என்றான்.

"எங்கை பட்டது?" நாகரிகத்தை மறந்து நானும் கேட்டுவிட்டேன்.

"தோளுக்குப் பின்னாலை, அண்ணை. வடிவாப் பட்டது."

எல்லோரும் சொல்கிற அதே இடம். இருட்டப் போகிறது, மான் நின்ற இடத்தில் ஓர் அடையாளம் கட்டிவிட்டு வா, அதன் பின்னால் ஓர் அடிகூடப் போகாதே என்றேன். இன்றைக்கே தேடினால் என்ன, நாளை மத்தியானம் மாமி வந்துவிடுவா என்றான். காயம்பட்ட மிருகத்தை இருட்டில் கலைத்தால் அது அடுத்த காட்டுக்கு ஓடும், விடியட்டும் என்றேன். அவன் மாமியைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னான். எனக்கும் மாமியார் இருந்தவதான், ஆகவே கோபிக்காமல் தொடர்பைத் துண்டித்தேன்.

ரஜனி கல்லாவிலிருந்தே கேட்டாள், அவரோ, மான் பட்டுதாமோ என்று. பட்டதாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கடைக்குள் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த நிமிடமே இறைச்சித்தூளுக்கு வறுக்கிற மல்லியும் கறுவாப்பட்டையும் பெருஞ்சீரகமும் தட்டிலிருந்து இறங்கத் தொடங்கின. நான் கருவேப்பிலையை மறந்துவிட்டு வெளியே வந்தேன்.

விடியற்புறம் நேசன் வண்டியோடு வந்தான். முகத்தைப் பார்த்தாலே நித்திரை கொள்ளவில்லை என்று தெரிந்தது. பாரிசுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். நாய் லூனா பின்னிருக்கையில் குறட்டை விட்டது. எங்கள் மூவரில் நிம்மதியாக இருந்தது அது மட்டும்தான்.

காட்டில் இறங்கியதும் நான் அவனிடம் கேட்டது, "நீ எங்கை நிண்டனீ?" அவன் போய் ஓர் ஓக் மரத்தடியில் நின்று காட்டினான். அங்கிருந்து அடையாளம் கட்டிய இடத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு செடிகூட இல்லை. மான் பக்கவாட்டில் நின்றிருக்கிறது என்று குளம்படி சொன்னது. தூரமும் அதிகமில்லை. நேற்றுத் துவக்குப் பிடித்தவன்கூட அங்கிருந்து நெஞ்சில் சுட்டு விழுத்துவான்.

மான் நின்ற இடத்தில் லூனா மூக்கை வைத்து, வைத்த இடத்திலேயே நின்றது. இலையை விலக்கினேன். நுரை கலந்த இரத்தம் இல்லை, பச்சைக் குழம்பும் இல்லை. உடைந்த பல்லொன்று கிடந்தது, அதில் ஒரு துண்டு எலும்பு ஒட்டியிருந்தது.

தாடையில் அடிபட்ட மானைப் பற்றி உங்களுக்குப் புத்தகத்தில் ஒரு வரிக்குமேல் இருக்காது. நான் சொல்கிறேன். அதற்குக் கால் நன்றாக இருக்கும், இதயம் நன்றாக இருக்கும். ஓடும், ஒளிக்கும், மூச்சுவிடும். புல்லைக் கடிக்கமட்டும் முடியாது. எத்தனையோ நாள் பசியிலும் புண்ணிலும் கிடந்து சாகும். காட்டில் நான் மிகவும் வெறுக்கிற காயம் அதுதான். அந்தப் பல்லை எடுத்து நேசனின் கையில் வைத்தேன். என்னுடைய குருவைப்போலப் பகிடியாக ஏதாவது சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சரியான கோபம்.

"தோளிலை பல்லு இருக்கோ?" என்றுமட்டும் கேட்டேன்.

அவன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "கழுத்துக்குத்தான் வைச்சனான், அண்ணை. சுடேக்கை தலையைத் திருப்பிட்டுது."

"ஏன் கழுத்துக்கு? நெஞ்சு முழுசாத் தெரிஞ்சிருக்குமே."

"ஈரல் பழுதாப் போகும் எண்டு."

நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன், அவன் பகிடி விடவில்லை. லெ பிளாங்-மெனிலில் நான்காம் மாடியில் இருக்கிற ஒரு மனிசி, தன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவ, அந்த மான் எங்கே அடிபடவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறா. விசையை இழுத்தது மட்டும்தான் நேசன். ஒரு பெரிய நெஞ்சை விட்டுவிட்டு, ஆடிக்கொண்டே இருக்கிற ஒரு சின்னக் கழுத்துக்கு அவன் குறிவைத்தது, போன வருடத்து ஒரு வசனத்துக்குப் பயந்து. அந்த நேரம் பார்த்து அவனுடைய கைப்பேசி அடித்தது. திரையில் ரஜனியின் பெயர். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அம்மா கேட்கிறா என்றாள். பிந்தும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

லூனா கயிற்றை இழுத்தது, நாங்கள் பின்னால் போனோம். போன பாதையெல்லாம் சொல்லி உங்களைக் களைக்கப்பண்ண மாட்டேன். ஓடை, முள், சேறு, மறுபடி முள். சில இடங்களில் மான் நின்றிருந்தது. நின்ற இடத்தில் எச்சிலும் இரத்தமும் சேர்ந்து நூலாகத் தொங்கின. ஓரிடத்தில் தண்ணீர் குடிக்கப் பார்த்திருக்கிறது. ஓடைக்கரைக் கல்லில் இரத்தத்தைக் கண்டதும் நேசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். நான் அவனைத் தேற்றவில்லை. அதை அவன் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வெளிக்கு வந்தோம். அங்கேதான் எனக்குப் பரீட்சை காத்திருந்தது. வெளியின் நடுவில் ஒரு பெண்மான், முழு ஆரோக்கியமாக, பக்கவாட்டில், முன்காலை ஓரடி முன்னே வைத்து நின்றது. புத்தகத்திலுள்ள படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல நின்றது. காற்று எங்கள் பக்கம் வீசியதால் அது எங்களை அறியவில்லை. நேசன் மெல்லத் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான்.

"அண்ணை," என்றான், உதடு அசையாமல். "இதைச் சுட்டா எல்லாம் சரியாப் போயிடும். ஆருக்கும் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். உண்மையாகவே எல்லாம் சரியாகிவிடும். பங்கு போகும், ஈரல் போகும், மாமி வாய் திறக்கமாட்டா, நானும் மத்தியானத்துக்கு முன்பு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். ஆனால் எங்களுக்கு அன்று காட்டுக்குள் இருந்த அனுமதி ஒரேயொரு மானுக்குத்தான், அதுவும் தாடை உடைந்த மானுக்கு. சட்டத்தை விடுங்கள். இதைச் சுட்டால் அதைத் தேடுவதை நிறுத்திவிடுவோம் என்று எனக்குத் தெரியும், நேசனுக்கும் தெரியும். நிறுத்துவதற்கு நல்லதொரு காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொள்வான்.

நான் அவனுக்குப் புத்திமதி சொல்லவில்லை. அவனுடைய சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். காலையில் அவன் போட்டுவைத்த பல் அங்கேதான் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அந்தப் பெண்மானைப் பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் மாட்டினான். அந்தச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கி, எங்களைப் பார்த்து, அவசரமில்லாமல் காட்டுக்குள் போயிற்று. நேசன் சுட்ட சுடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவன் சுடாத அந்த ஒன்று.

மத்தியானம் திரும்பும் நேரத்தில் லூனா ஒரு குளத்தங்கரையில் குரல் கொடுத்தது. நாணற்புல்லுக்குள், முழங்கால் தண்ணீரில், எங்கள் மான் நின்றது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எங்களை நேருக்கு நேர் பார்த்தது. வழக்கமாக முடிப்பது நான்தான். அன்று நேசனைப் பார்த்து, நீயே முடி என்றேன்.

அவன் துவக்கை ஏந்தினான். மான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி நிற்கும்போது சுட்டால் என்ன நடக்கும் என்று சொல்லமுடியாது. இரண்டாவது முறையும் பிழைத்தால் அது தண்ணீரைத் தாண்டிப் போய்விடும், அதற்குப் பிறகு எனக்கும் லூனாவுக்கும் ஓடப் பலமில்லை. நேசனின் சட்டைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ரஜனியாக இருக்கும், ரயில் ஏறிவிட்ட மாமியாக இருக்கும், பங்குக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவராக இருக்கும். அவனுடைய காது சிவந்துபோயிற்று. விரல் மட்டும் அசையவில்லை.

"ஈரலை மற," என்றேன் மெதுவாக.

மான் கரையேறுவதற்காகத் திரும்பியது. பக்கவாட்டில், முழுநெஞ்சும் தெரிய, ஒரு கணம் நின்றது. நேசன் சுட்டான். அது நின்ற இடத்திலேயே, தண்ணீர் தெறிக்க, விழுந்தது. லூனா குரைப்பதை நிறுத்திவிட்டது. நேசன் துவக்கை வெறுமையாக்கி, கரையில் குந்தி, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டினேன்.

வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டியது முறை. திறந்தோம். குண்டு முன்காலுக்குப் பின்னால் நுழைந்து இரண்டு நுரையீரலையும் ஊடுருவி வெளியே போயிருந்தது. ஈரலில் ஒரு கீறல்கூட இல்லை. புத்தகத்தில் சொன்ன இடத்தில் சுட்டால் ஈரலுக்கு ஒன்றும் வராது என்பதை, ஈரலைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒருவனுக்கு அந்த மான் தன் செலவில் காட்டித்தந்தது.

ஆனால் அது சாப்பிடக்கூடிய இறைச்சியாக இல்லை. இரவு முழுவதும் காய்ச்சலோடு ஓடிய மிருகம். வாய்ப்புண்ணில் அழுகல் பிடித்திருந்தது, தசை கறுத்துக் கையில் ஒட்டியது. இதை நான் யாருடைய சட்டிக்கும் அனுப்பமாட்டேன் என்றேன். நேசன், தூளைப் போட்டு நல்லாக் காய்ச்சினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அவனுக்கே அது நம்பிக்கையில்லாத கேள்வி. செய்யவேண்டிய அறிவித்தல்களைச் செய்து, மானை முறைப்படி அகற்ற ஒழுங்குபண்ணிவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழி முழுவதும் அவன் கதை கட்டினான். காட்டில் இன்று வேட்டைக்குத் தடை என்று சொல்லலாம். மானைப் பரிசோதனைக்காரர் கொண்டுபோய்விட்டார் என்று சொல்லலாம். வண்டி பழுதாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் நல்ல பொய்கள்தான், காகிதத்துக்காக வரிசையில் நின்ற சமூகம் நாங்கள், நம்பத்தக்க காரணம் சொல்வதில் எங்களை யாரும் வெல்லமுடியாது. பாரிசைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் வீதிக்குள் நுழையும்போது கதை கட்டுவதை நிறுத்திவிட்டான்.

கடைக்கு முன்னால் சனம் நின்றது. பிளாஸ்டிக் பெட்டிகளோடு, துணிப்பைகளோடு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் மாமி இருந்தா. கார் து நோரில் இறங்கி நடந்து வந்திருக்கிறா. மடியில் மூடியோடு ஓர் எவர்சில்வர் சட்டி. நேசன் சேற்றுக் காலோடு உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"பங்கு இல்லை. கழுத்துக்குச் சுட்டு வாயிலை பட்டிட்டுது. தேடிப் பிடிச்சு முடிச்சனாங்கள். சாப்பிடுற மாதிரி இல்லை."

 யாரோ ஒரு பெண் பெட்டியைத் துணிப்பைக்குள் திரும்ப வைக்கிற சத்தம் கேட்டது. ஏன் கழுத்துக்குச் சுட்டீர்கள் என்று கேட்டது ரஜனி.  அவன் மாமியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதிலேயே மாமிக்கு விளங்கிவிட்டது.

"ஈரலுக்காகவோ, தம்பி?" என்றா.

அவன் தலையாட்டினான்.

"நான் ஈரல் தின்னுறதில்லை," என்றா மாமி. "வைத்தியர் மறிச்சுக் கனகாலம். ஒருத்தருக்கும் ஈரல் போகேல்லையெண்டா, ஆரோ தனிய எடுத்திட்டினம் எண்டு சனம் கதைக்கும். உங்களைத்தான் கதைக்கும். அதுக்குத்தான் அண்டைக்குச் சொன்னனான்."

நேசன் அப்படியே நின்றான். நானும்தான் நின்றேன். அவனுடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக அவ சொன்ன வசனம் ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் அவனுடைய விரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் உயிரோடை இருந்தது?" என்று கேட்டா மாமி.

"நேற்றுப் பின்னேரத்திலை இருந்து இண்டைக்கு மத்தியானம் மட்டும்."

மாமி கொஞ்ச நேரம் மடியிலிருந்த சட்டியைப் பார்த்தா. மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்துகிற மாதிரிப் பார்த்து, மறுபடி மூடினா.

"இனிமேல் சுட்டுப்போட்டுப் பங்கு சொல்லுங்கோ, தம்பி," என்றா. "பங்கு சொல்லிப்போட்டுச் சுடாதேங்கோ."

பிறகு எழும்பிப் போய்க் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துச் சட்டிக்குள் போட்டா. மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். இறைச்சித்தூள் வறுத்து இடித்தாயிற்று, அதை ஏதாவது ஒன்றுக்குப் போடத்தானே வேண்டும். அந்தத் தீபாவளிக்கு லா சப்பலில் கத்தரிக்காய் முடிந்துபோனது. கந்தசஷ்டி ஒருநாள் முந்தி வந்துவிட்டது என்று சனம் சிரித்தது.

நேசன் இன்றைக்கும் நம்மோடு காட்டுக்கு வருகிறான். நாளைக்கும் வருவான். உங்களில் யாராவது வெறுங்கையோடு திரும்பினால் அவன் கேலி செய்யமாட்டான், கவனித்துப் பாருங்கள். அவனைக் கேட்டால் எங்கே சுடவேண்டும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வான்.

நாளை விடிய வண்டியடியில் நிற்பேன். எத்தனை வீட்டுக்குப் பங்கு சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கைப்பேசிகளை என்னிடம் தந்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள். மாமி கூப்பிட்டால் நான் கதைக்கிறேன்.